எல்லை கடந்த எஞ்சின்

டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பெரிய பட்டறை தேவையில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் தலையில் வால்வும் கேமும் கிடையாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளை பிஸ்டனே ஏறியிறங்கித் திறந்து மூடுகிறது. பிஸ்டன், ரிங், கேஸ்கட் மாற்றுவது பழகிய கைக்கு அரைநாள் வேலை. ரிங்கின் வாய் பிஸ்டனிலுள்ள சிறு ஊசியில் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் துளையில் சிக்கி உடையும். கிராங்க் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு கலந்து வரும் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடேறி இறுகிவிடும்.

இந்த எளிய எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. புதிதாக வரும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். 1950களில் அதை வென்றெடுத்தவர் வால்டர் காடன். கிழக்கு ஜெர்மனியின் சோப்பாவ் நகரில், எம்இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுத் தலைவர். வயிறு பெருத்துப் பின் ஒடுங்கும் புகைக்குழாயை அவர் நுணுக்கமாகச் செப்பனிட்டார். ஒடுங்கும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, தப்பி ஓடும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். குழாய் பலமாக நசுங்கினால் பைக் சோர்ந்துபோவது இதனால்தான். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் சுமார் 25 குதிரைசக்தி தந்தது. பணமும் நல்ல உலோகமும் தட்டுப்பாடாயிருந்த ஊரில் நடந்த காரியம் இது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் சுவர் எழத் தொடங்கியது. ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட்டில் பந்தயம். எம்இசட்டின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்துக்கான புள்ளிகளில் முன்னணியில் இருந்தார். பந்தயத்தின் நடுவில் எஞ்சின் பழுதாகி நின்றது. டெக்னர் ஊர் திரும்பவில்லை. அவருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் காரின் பின்பெட்டியில் ஒளிந்து மேற்கு ஜெர்மனிக்குள் வந்து சேர்ந்தார்கள். பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போயிற்று.

டெக்னர் ஜப்பானின் ஹமாமட்சுவில் சுசூகியிடம் சேர்ந்தார். காடனின் நுட்பமும் அவரோடு போயிற்று. 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கு; அது சுசூகியின் முதல் உலகப் பட்டம். 1970-ல் பெல்ஜியத்தின் ஜோயல் ராபர்ட் சுசூகியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றபோது, சேற்றுப் பாதைக்கும் அந்தக் கலை வந்துவிட்டிருந்தது.

காடன் சோப்பாவிலேயே இருந்தார். அந்த ஊரும் படுத்துவிடவில்லை. 1963 முதல் 1967 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், எம்இசட் பைக்குகளில் கிழக்கு ஜெர்மன் அணி சர்வதேச ஆறுநாள் போட்டியின் முதன்மைக் கோப்பையை வென்றது. காட்டிலும் மேட்டிலும் ஓடும் அந்தப் போட்டியில், வண்டி பழுதானால் ஓட்டுநரே தன் கையால் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக் தொடக்கூடாது. சோப்பாவின் பிள்ளைகளுக்கு அது சிரமமாயிருக்கவில்லை.

டெக்னர் திருடனா? குடும்பத்தோடு சுதந்திரமாக வாழ நினைத்த மனிதனா? இரண்டு தீர்ப்பும் இன்றுவரை சொல்லப்படுகின்றன. ஊரைவிட்டு வந்தவர்களான நமக்கு ஒன்று புரியும்: கையில் பெட்டி இல்லாமல் வந்தவனும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆனால் அவன் தலையில் சுமந்து வந்ததைக் கற்றுத்தந்த ஒருவர் பின்னால் நிற்கிறார். ஜப்பானின் சுசூகா பந்தயத்தடத்தில் ஒரு வளைவுக்கு டெக்னரின் பெயர் இருக்கிறது. காடனின் பெயர் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளின் பக்கவாட்டில் வளைந்து செல்லும் அந்தப் பெருத்த குழாயைப் பார்க்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.