திருகோணமலையின் பெயர் தாங்கிய தேக்கு

இயற்கையாய் அமைந்த ஆழமான கப்பல்துறைக்காக ஐரோப்பிய வல்லரசுகள் மாறிமாறிப் போரிட்ட திருகோணமலை, 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியபின், இந்து சமுத்திரத்தில் அவர்களது கடற்படையின் முக்கிய தளங்களுள் ஒன்றாயிற்று. அத்துறையின் பெயரைத் தாங்கி 1817 ஒக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்ட 'திரிங்கோமலி' என்னும் பாய்மரப் போர்க்கப்பல் உருவானதோ பம்பாய்க் கப்பற்கட்டுந் துறையில், பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்துத் தலைமைக் கப்பற்கட்டுநர் ஜம்ஷெட்ஜி போமன்ஜியின் மேற்பார்வையில் ஆகும்.

நெப்போலியனுடனான நீண்ட போரினால் இங்கிலாந்தின் ஓக்கு மரக் காடுகள் அருகிவிட, கடற்படை மலபார்த் தேக்கை நாடியது. ஓக்கிலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணிகளை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப்பசையோ ஆணியைக் காப்பதோடு மரத்தையும் உளுக்காமல் காக்கும். கப்பலின் அடிமரமாகிய ஏராவும், விலாவெலும்பு போல் வளைந்து நிற்கும் வங்குகளும் எளிதில் மாற்றவியலாத உறுப்புகளாதலால், அவற்றின் மரம் உறுதியாயிருப்பதே கப்பலின் ஆயுளைத் தீர்மானித்தது. திரிங்கோமலியைக் கட்டுவதற்கான வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கப்பால் அமெரிக்கரிடம் வீழ்ந்தமையால் அவை மீண்டும் அனுப்பப்பட வேண்டியதாயிற்று. கப்பல் முடிந்தபோது, எப்போருக்காகக் கட்டப்பட்டதோ அப்போரே முடிந்திருந்தது. ஆகவே அது இங்கிலாந்தில் நெடுங்காலம் சும்மா கட்டிவைக்கப்பட்டு, 1847 இலேயே முதன்முறையாகச் சேவைக்குச் சென்றது.

சேவை முடிந்த மரக்கப்பல் அக்காலத்தில் மதிப்புள்ள மரக்கிடங்காகவே கருதப்பட்டது. இலண்டனில் காசில் என்னும் கப்பலுடைப்பு நிறுவனம் போர்க்கப்பல் தேக்கிலிருந்து தோட்ட இருக்கைகள் செய்து விற்றது. பம்பாயிலேயே 1821 இல் கட்டப்பட்ட 'கங்கை' 1930 இல் உடைக்கப்பட்டபோது, அதன் தலைவர் அறை டெவன் கரையோரத்திலுள்ள பர்க் தீவு ஹோட்டலின் பகுதியாயிற்று. நெல்சனின் கொடிக்கப்பலாயிருந்த, அதாவது தளபதியின் கொடி பறந்த கப்பலாயிருந்த 'ஃபுட்ராயன்' 1897 ஜூனில் பிளாக்பூல் கரையில் மோதிச் சிதைந்தபின், அதன் மரம் தளபாடங்களாகவும் செம்பு பதக்கங்களாகவும் உருமாறின.

அச்சிதைவே திரிங்கோமலியைக் காத்தது. ஃபுட்ராயனின் உரிமையாளராயிருந்து அதை இழந்த ஜெஃப்ரி வீட்லி கொப் என்ற செல்வந்தர், பயிற்சிக் கப்பலாயிருந்து உடைப்புக்கென விற்கப்பட்ட திரிங்கோமலியை அதற்கு ஈடாக வாங்கி, பழுதுபார்த்து, 1903 இல் 'ஃபுட்ராயன்' என்றே பெயர் மாற்றி, இளைஞருக்குக் கடற்பயிற்சி அளிக்கப் பயன்படுத்தினார். மரம் பிழைத்தது, பெயர் மறைந்தது. 1987 இல் ஹார்ட்டில்பூல் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அக்கப்பல், 1990 முதல் 2001 வரை நடந்த திருத்தப் பணியில், கெட்டுப்போன பலகைகள் மட்டும் மாற்றப்பட்டு, மலபார்த் தேக்கின் பெரும்பகுதி நிலைக்க மீண்டெழுந்தது.

பழைய மரத்தின் உறுதி ஒரு கப்பலைக் காக்கப் போதாது. உடைப்போன் கோடரிக்கு முன் அதற்கு வேறொரு பயன் கண்டவர் வந்துசேர வேண்டும். சிதைந்த இன்னொரு கப்பலின் பெயரைச் சுமந்து பிழைத்த அத்தேக்கு, 1992 இல் திருகோணமலையின் பெயரைத் திரும்பப் பெற்று, பிரித்தானியாவில் இன்றும் நீரில் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பலாய் நிற்கின்றது.