சாணம் யாருக்குச் சொந்தம்?

இந்தியாவில் சாண எரிவாயுவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் தொட்டியின் வரலாற்றையே எழுதினார்கள். பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897-இல் கழிவிலிருந்து எடுத்த வாயுவால் விளக்கெரித்தது, 1930களின் இறுதியில் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் மாட்டுச் சாணத்தை வைத்துச் செய்த சோதனைகள், 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த கலன், பிறகு அதைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டுபோனது, 1978-இல் உத்தரப் பிரதேசத்து அஜித்மலில் உருவான ‘ஜனதா’ கலன், 1984-இல் வந்த ‘தீனபந்து’ கலன் என்று அந்தக் கதை போகும். ஒவ்வொரு கலனும் முந்தையதைவிட மலிவு. ஆனாலும் இத்தனை கோடி மாடுகள் உள்ள நாட்டில், கணக்கில் ஏறிய கலன்கள் சுமார் 50 லட்சத்தோடு நின்றன. கட்டியவற்றிலும் பல எரியவில்லை. காரணத்தைத் தொட்டிக்குள் தேடியதுதான் பிழை என்பது என் கருத்து. தொட்டிக்குள் போவதற்கு முன்பே சாணத்துக்கு ஒரு சொந்தக்காரரும் ஒரு வேலையும் இருந்தன. திட்டம் தீட்டியவர்கள் அதைக் குப்பை என்று நினைத்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிரிகள் சாணத்தைச் சிதைக்கும்போது வரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். ஒரு கிலோ ஈரச் சாணத்துக்குக் கிடைப்பது சுமார் 40 லிட்டர் வாயு. ஐந்தாறு பேர் உள்ள வீட்டின் அடுப்புக்கு நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டராவது வேண்டும். அதாவது 50 கிலோ சாணம், அதைக் கரைக்க அதே அளவு தண்ணீர். கொட்டிலிலேயே கட்டித் தீனி போடும் மாடென்றால் ஐந்து போதும். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி, வழியிலும் காட்டிலும் விழுந்துவிடுகிறது. ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வரட்டிக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஒரு மாட்டுச் சாணம் இருந்தாலும் தட்டலாம். மாடே இல்லாதவரும் தெருவில் பொறுக்கித் தட்டலாம். மழைக்காலத்துக்கு அடுக்கி வைக்கலாம்; கைமுட்டுப்பாடு வந்தால் விற்கலாம். தொட்டி கட்டியவர் வீட்டுச் சாணம் தொட்டிக்கே போகத் தொடங்கியதும், நேற்றுவரை யாரும் கேட்காமல் எடுத்துப் போன பொருள் விலைக்குரியதாகிவிடும். அந்த இழப்பு நிலமில்லாத வீட்டுப் பெண்ணின் தலையில் விழும் என்ற எச்சரிக்கை 1970களிலேயே எழுந்தது. ஆனால், மானியத்தை எண்ணிக்கையால் அளந்த திட்டங்களில் அந்தப் பெண் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. வரட்டியை எரித்தால் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது, வயலுக்குப் போகவேண்டிய தழைச்சத்தும் புகையாகிறது; வாயு அடுப்பு பாதிக்கு மேல் பயன் தரும், கரைசல் எருவாகத் திரும்பும் என்பார்கள். முழு உண்மை. புகையில் கண் எரியச் சமைக்கும் பெண்களுக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறு கிடையாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லாபம் ஐந்து மாடு உள்ளவருக்கு. எரு போய்ச் சேர்வதும் நிலம் உள்ளவரிடம். கலன்கள் எரியாததற்கு அவற்றின் இரும்பு டிரம் துருப்பிடித்ததும் குவிமாடம் விரிசல் விட்டதும்தான் காரணம் என்பார்கள். அவையும் நடந்தன, ஆனால் சாணம் குறைந்து பட்டினி கிடக்கும் கலனைப் பழுதுபார்க்க யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. சமையல் எரிவாயு சிலிண்டர் வந்து கெடுத்தது என்றால் காலம் பொருந்தவில்லை. ஏழை வீடுகளுக்குச் சிலிண்டர் பெருமளவில் போய்ச் சேர்ந்தது 2016-இல் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு. தேசிய சாண எரிவாயுத் திட்டமோ 1981-82-லேயே தொடங்கிவிட்டது. சீனத்தில் மட்டும் எப்படி 1970களில் லட்சக்கணக்கில் பரவியது என்ற கேள்வியே பதிலையும் தருகிறது. அங்கே வீட்டுக்கு வீடு பன்றி இருந்தது, கழிப்பறையும் தொட்டியோடு சேர்ந்தது. இங்கே மலத்தோடு சேர்ந்த வாயுவில் சமைக்கச் சாதி மனம் ஒப்பவில்லை.

ஐந்து மாடு இல்லாத வீடுகளின் சிக்கலுக்கு ஊர்ப் பொதுக் கலன் விடையாகும் என்று நம்பியவர்களின் அனுபவம்தான் மிக அருமையானது. கர்நாடகத்தில் குணிகல் அருகே உள்ள புரா கிராமத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டியும் அவர் குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் சமையலுக்கு வாயு தர முயன்று தோற்றார்கள். ஊர்ச் சாணம் மொத்தமும் சேர்ந்தாலும் எல்லா அடுப்புக்கும் போதாது. ஊராருக்கு முதல் தேவை அடுப்பும் அல்ல, குடிதண்ணீர். ரெட்டியின் குழுவினர் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1987-இல் அதே வாயுவை டீசலோடு சேர்த்து எஞ்சினை ஓட்டி, ஆழ்குழாயிலிருந்து தண்ணீரை இறைத்துக் குழாயில் விட்டார்கள். வீடுகளில் விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்தவருக்குக் கிலோவுக்கு இரண்டு பைசா கையில் கிடைத்தது; கொடுத்த அளவுக்கு ஏற்ற எருவும் திரும்பியது. சாணம் அவரவர் சொத்து என்பதை ஏற்றுக்கொண்டதால்தான் அந்தக் கலன் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2020-இல் சத்தீஸ்கர் அரசு கிலோ இரண்டு ரூபாய்க்குச் சாணம் வாங்கத் தொடங்கியபோது, கூடையோடு வரிசையில் வந்தவர்களில் நிலமில்லாதவர்களும் இருந்தார்கள்.