அரசர் காட்டில் ஒரு சைக்கிள் பயணம்

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்து, ஹாம்ப்ஷயர் என்னும் பகுதியில், 'நியூ பாரஸ்ட்' என்று ஒரு காடு இருக்கிறது. 'புதிய காடு' என்பது அப்பெயரின் பொருள். ஆனால் அந்தப் புதுமைக்கு வயது தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது! ஓர் இலையுதிர் காலத்தில் இரண்டு நாட்கள் அந்தக் காட்டைச் சைக்கிளில் சுற்றி வந்தேன். அங்கே நான் கண்டவற்றைப் பற்றியும், அவற்றின் பின்னே நிற்கும் வரலாற்றைப் பற்றியும் சிறிது நேரம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

லண்டனிலிருந்து தென்மேற்கே செல்லும் ரயிலில் ஏறி, பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் இறங்கினேன். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டேன். ஊரைக் கடந்ததும் சரளை பரப்பிய பாதை தொடங்கிற்று. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. இத்தகைய பாதைகள் காட்டினுள் 100 மைலுக்கு மேல் நீள்கின்றன. பாதைகள் கூடும் இடங்களில் எண் பொறித்த மரக்கம்பங்களை நாட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு படம் இருந்தால் வழி தவற அஞ்ச வேண்டுவதில்லை. சிறிது தூரம் சென்றதும் ஊரின் ஓசைகள் அடங்கின. சக்கரத்தின் கீழ்ச் சரளை நெரியும் ஒலியும், ஓக் மரங்களிலிருந்து கொட்டைகள் உதிரும் ஒலியுமே என்னுடன் வந்தன.

முதல் நாள் நான் சென்ற பாதை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருந்தது. காரணம் என்னவென்றால், அது ஒரு காலத்தில் இருப்புப்பாதை. 1847ஆம் ஆண்டில் சவுத்தாம்ப்டனையும் டார்செஸ்டரையும் இணைக்க அமைத்த பாதை அது. காசில்மன் என்ற வழக்கறிஞர் அதற்கு முன்னின்று உழைத்தார். அப்பாதை நேரே செல்லாமல் வளைந்து வளைந்து சென்றமையால், மக்கள் அதற்குக் 'காசில்மனின் திருகாணி' என்று வேடிக்கைப் பெயர் சூட்டினார்கள். 1964இல் அதன் ஒரு பகுதியில் ரயில் ஓட்டம் நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே சைக்கிள்கள் ஓடுகின்றன.

காடு என்றவுடன் நாம் அடர்ந்த மரக்கூட்டத்தையே நினைக்கிறோம். நியூ பாரஸ்டிலோ மரச்சோலைகளுக்கு இடையே 'ஹெதர்' என்னும் குறுஞ்செடி படர்ந்த வெட்டவெளிகளும், சதுப்பு நிலங்களும், சிற்றூர்களும் இருக்கின்றன. இதைக் கண்டு நான் வியந்தேன். பின்னரே உண்மை விளங்கியது. பழங்காலத்தில் 'பாரஸ்ட்' என்ற சொல் மரங்களைக் குறிக்கவில்லை. ஒரு சட்டத்தைக் குறித்தது. அரசனின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டுத் தனிச் சட்டத்தின் கீழ் வந்த நிலம் எதுவாயினும் அது 'பாரஸ்ட்' எனப்பட்டது.

இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் முதலாம் வில்லியம் ஏறத்தாழ 1079இல் இந்நிலத்தைத் தன் வேட்டைக்காக ஒதுக்கினான். 1086இல் எடுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' என்ற நில அளவை ஏட்டில் இக்காட்டுக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது. மானைக் கொன்றவனுடைய கண்களைப் பறிக்க வேண்டும் என்று மன்னன் ஆணையிட்டதை அக்காலத்து வரலாற்று ஏடு ஒன்று பதிந்து வைத்திருக்கிறது. பின்னர், காட்டில் வாழ்பவரின் பெரிய நாய்கள் மானைத் துரத்தாதபடி அவற்றின் முன்னங்கால் நகங்களை வெட்டும் வழக்கமும் இருந்தது. லிண்ட்ஹர்ஸ்ட் என்ற ஊரின் நீதிமண்டபத்தில் ஒரு பழைய இரும்பு அங்கவடி தொங்குகிறது. அதனுள் நுழையக்கூடிய சிறிய நாய்க்கு மட்டும் விலக்கு உண்டு என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இக்காட்டை உண்டாக்கிய குடும்பத்தையே இக்காடு பழிவாங்கியது என்று மக்கள் எண்ணினார்கள். வில்லியமின் மகன் ஒருவனும் பேரன் ஒருவனும் இங்கே இறந்தனர். 1100ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், அடுத்த மன்னனான வில்லியம் ரூபஸ் வேட்டையின்போது அம்பு பட்டு மாண்டான். அது தற்செயலா, சதியா என்பது இன்றும் தீராத வழக்கு. அவன் தம்பி ஹென்றி உடனே வின்செஸ்டருக்கு விரைந்து கருவூலத்தைக் கைப்பற்றி, மூன்றாம் நாளே முடி சூடிக்கொண்டான். ரூபஸ் விழுந்ததாகக் கருதப்படும் இடத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலை அதன் எதிரே சைக்கிளை நிறுத்தி நின்றேன். ஒரு சிறு தூண், அவ்வளவே.

மன்னர்களின் கதையினும் என் மனத்தைக் கவர்ந்தது மக்களின் கதை. 1217இல் மூன்றாம் ஹென்றியின் பெயரால் 'கானகச் சாசனம்' ஒன்று வெளியாயிற்று. மகா சாசனத்தை அறிந்த மாணவர் பலர்; இதை அறிந்தவர் சிலரே. மானுக்காக இனி எவனும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று அது விதித்தது. ஆடு மாடு மேய்ப்பது, பன்றிகளை ஓக் கொட்டை தின்ன விடுவது முதலிய எளியோர் உரிமைகளுக்கும் அது அரணாயிற்று.

அவ்வுரிமைகளை நான் கண்ணாரக் கண்டேன். பாதையின் நடுவே ஒரு மட்டக் குதிரை அசையாமல் நின்றது. நான்தான் இறங்கி ஒதுங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. அவ்வழியே வந்த முதியவர் ஒருவரை, "இது யாருடைய குதிரை, ஐயா?" என்று கேட்டேன். அவர் உடலிலிருந்த சூட்டுக்குறியைக் காட்டி, உரிமையாளரை அதனால் அறியலாம் என்றார். பிறகு வால்மயிர் படிபடியாக நறுக்கப்பட்டிருந்ததைக் காட்டி, "மேய்ச்சற் கட்டணம் செலுத்தியாயிற்று என்பதற்கு இது ரசீது" என்று சொல்லிச் சிரித்தார். சற்றுத் தள்ளிப் பன்றிகள் சில ஓக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. பச்சைக் கொட்டை குதிரைக்கு நஞ்சு, பன்றிக்கோ விருந்து! ஆகவே இலையுதிர் காலத்தில் பன்றிகளை விடுவது காட்டுக்கும் நன்மையாகிறது.

வேட்டையின் காலம் போய்க் கப்பலின் காலம் வந்தது. கடற்படைக்கு ஓக் மரம் வேண்டியிருந்தது. 1698இல் பாராளுமன்றம் காட்டின் ஒரு பகுதியை வேலியிட்டு மரம் வளர்க்கச் சட்டம் செய்தது. அருகிலுள்ள பக்லர்ஸ் ஹார்டு என்ற ஆற்றங்கரை ஊரில் கட்டி 1781இல் நீரில் இறக்கிய 'அகமெம்னான்' என்ற போர்க்கப்பல், பின்னாளில் நெல்சனின் அன்புக்கு உரியதாகி, 1805இல் டிரபால்கர் போரிலும் கலந்துகொண்டது.

1851இல் மான்களை அகற்றவும், அதற்கு ஈடாக மேலும் 10,000 ஏக்கரை வேலியிடவும் அரசு முற்பட்டது. மேய்ச்சல் நிலம் சுருங்கக் கண்ட மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இயற்கையை விரும்பியோரும் அவர்களுடன் சேர்ந்தனர். முடிவில் 1877இல் வந்த சட்டம் புதிய வேலிகளைத் தடுத்தது. 'வெர்டரர்' எனப்படும் வன நீதிபதிகளின் மன்றத்தைப் பொதுவுரிமையாளரின் காவலாகத் திருத்தி அமைத்தது. அம்மன்றம் இன்றும் லிண்ட்ஹர்ஸ்டில் கூடுகிறது.

இந்த ஆண்டைக் கேட்டவுடன் இன்னோர் ஆண்டு என் நினைவில் எழுந்தது. அடுத்த ஆண்டே, 1878இல், அதே விக்டோரியா அரசியின் ஆட்சியில் இந்திய வனச் சட்டம் பிறந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. தன் நாட்டில் குடியானவனின் மேய்ச்சலுரிமையைக் காத்த பேரரசு, நம் நாட்டில் காடுகளை அரசுடைமையாக ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக அங்கே விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் வந்தவர்களை அனுமதி கேட்டு நிற்க வைத்தது. 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின் முகவுரை, இம்மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது.

அன்று மாலை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருந்தேன். அந்தக் காட்டின் அமைதி இயற்கை தந்த கொடை என்றே வரும்போது எண்ணியிருந்தேன். அது பாதி உண்மைதான். வேலி வேண்டாம் என்று வழக்காடிய குடியானவர்களும், உரிமையை எழுத்தில் வாங்கி வைத்த முன்னோரும் இல்லையெனில், நான் அமைதியாகச் சென்ற பாதையில் இன்று வேறு ஏதோ இருந்திருக்கும்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊருக்கு அருகிலும் ஒரு காடோ, மேய்ச்சல் புறம்போக்கோ, பழைய வண்டிப்பாதையோ இருக்கக்கூடும். விடுமுறை நாளில் சைக்கிளில் அங்கே செல்லுங்கள். விரைந்து செல்லும் வண்டியில் காணாதவற்றை அங்கே காண்பீர்கள். கண்ட பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "இது யாருடையது? எப்போது முதல்?" என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கிருந்தே தொடங்கலாம்.