பல துறைகள், ஒரே கடிகாரம்: திருச்சி விமான நிலையத்தின் நெரிசலும் கூட்டு நிர்வாகமும்

திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் 11 முதல் பயன்பாட்டுக்கு வந்தது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவான இக்கட்டடம் ஆண்டுக்கு 44 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளையும், நெரிசல் வேளையில் ஏறத்தாழ 3,500 பேரையும் தாங்கும். அதன் தோற்றத்தில் திருவரங்கக் கோபுரத்தின் சாயல் உண்டு. இங்கு வந்துபோவோர் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேர். கட்டடம் தேவைக்கு முன்னே சென்றுவிட்டது. ஆனால் ஒரு விமான நிலையத்தின் கொள்ளளவைக் கட்டடப் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓடுபாதை, நிறுத்துமிடம், வான்வழி, சோதனை மேசைகள், ஊர்ச்சாலை ஆகியவற்றுள் எது மிகக் குறுகலோ அதுவே மொத்த நிலையத்தின் அளவு. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன. திருச்சியில் இனி வளர வேண்டியது அத்துறைகளுக்கு இடையிலான ஒழுங்கு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருச்சியின் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாடு செல்வோரும் அங்கிருந்து திரும்புவோரும் ஆவர். இந்தியாவில் இந்த அளவுள்ள நிலையங்களில் இது அரிது. புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ சிங்கப்பூருக்குப் புறப்படும் ஒருவர் வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறார். அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ளது. அடுத்துள்ள செக்-இன் மேசை விமான நிறுவனத்துக்கு உரியது. இமிகிரேஷன் மீண்டும் உள்துறை, சுங்கம் நிதித்துறை. அவர் ஏறும் விமானத்துக்கு வானிலை சொல்வது புவி அறிவியல் அமைச்சகத்தின் வானிலை ஆய்வுத் துறை. வழிவிடுவது இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு. நூறு இருநூறு அடி நடைக்குள் நான்கைந்து நிர்வாகங்களைக் கடக்கும் அவருக்கு இவையெல்லாம் ஒரே வரிசைதான்.

அந்த வரிசை இரவில் நீள்கிறது. தென்கிழக்காசிய, வளைகுடா விமானங்கள் பல பின்மாலைக்கும் விடியலுக்கும் இடையில் அடுத்தடுத்து வந்து திரும்புகின்றன. ஒருவரை வழியனுப்ப வேன் நிறையக் குடும்பம் வந்து இறங்குவது இங்கு வழக்கம்; பாட்டி கையில் முறுக்குப் பை, பேரன் கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. வந்திறங்கிய விமானம் அரைமணி தாமதித்தால் அதன் பயணிகள் அடுத்த விமானத்தாரோடு ஒரே வேளையில் இமிகிரேஷன் மேசைக்கு வந்து சேர்கிறார்கள். மேசைகளைக் கூட்டுவது மட்டும் இதற்குத் தீர்வாகாது. தாமதச் செய்தி விமான நிறுவனத்துக்கு எப்போது தெரிந்ததோ அப்போதே இமிகிரேஷனுக்கும் சுங்கத்துக்கும் பெட்டி இறக்கும் பணியாளருக்கும் தெரிந்திருந்தால் ஆட்களை மாற்றி நிறுத்த முடியும். 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சிக்கும் விரிவாக்கப்பட்ட விரைவு இமிகிரேஷன் திட்டம், முன்பதிவு செய்தவர்களைத் தானியங்கிக் கதவு வழியே அனுப்பி ஒரு பகுதிச் சுமையைக் குறைக்கிறது.

தகவலைப் பகிர்ந்து முடிவெடுக்கும் இம்முறை உலகில் நன்கு சோதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் மியூனிக் நிலையம் 2007இல் இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் கரு எளியது. கதவு மூடி, பெட்டிகள் ஏறி, விமானம் நகரத் தயாராகும் நிமிடத்தை விமான நிறுவனம் அறிவிக்க வேண்டும். அதை வைத்து என்ஜினை எப்போது இயக்கலாம் என்பதைக் கட்டுப்பாட்டு அறை சொல்லும். ஓடுபாதை முனையில் என்ஜினை ஓடவிட்டு வரிசையில் நிற்பதற்குப் பதில் விமானம் நிறுத்துமிடத்திலேயே காத்திருக்கும், எரிபொருள் மிஞ்சும். இந்தியப் பெருநகர நிலையங்களில் இம்முறை உண்டு. நாடளாவிய வான்போக்குவரத்து ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் மைய அறை புதுதில்லியில் 2017 முதல் இயங்குகிறது. பெருநகரத்தில் நெரிசல் இருந்தால் அங்கு செல்லும் விமானத்தைப் புறப்படும் ஊரிலேயே நிறுத்திவைப்பது இத்தகைய ஏற்பாட்டின் இயல்பு. அந்தக் காத்திருப்பு திருச்சியில் நிறுத்துமிடம் ஒன்றை அடைத்துக்கொள்ளும். ஆகவே திருச்சியும் அந்தக் கணக்கில் ஓர் உறுப்பே.

கூட்டு நிர்வாகம் இங்கு இயலாதது என்று சொல்வதற்கில்லை. 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜா நோக்கிப் புறப்பட்ட போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. அவ்வகை விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எடை குறையும்வரை சுற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது வானில் வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் அது எவருக்கும் காயமின்றித் தரையிறங்கியது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடிப்பது நியாயமல்ல. பன்னாட்டு விதிப்படி ஒவ்வொரு நிலையமும் அவசரகாலத் திட்டத்தை எழுதிவைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் முழு அளவில் ஒத்திகை பார்க்க வேண்டும். யார் யாருக்குச் சொல்வது, எந்த வாசல் வழியே வண்டி வருவது என்பது முன்பே முடிவானது. அசாதாரண இரவுக்கு உள்ள இந்த எழுத்துப்பூர்வ ஒழுங்கு, சாதாரண இரவின் நெரிசலுக்கும் வேண்டும்.

உடன்பாட்டின் தேவை வாசலோடு நிற்பதில்லை. ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் தடையின்றி வந்துபோக இந்தியா திறந்துவிட்ட 18 சுற்றுலா ஊர்களில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூர், மலேசிய விமானங்கள் இங்கு பெருகியதற்கு அது முக்கியக் காரணம். ஐக்கிய அரபு அமீரகத்துடனான விமானப் போக்குவரத்து ஒப்பந்தப் பட்டியலிலோ திருச்சி இல்லை. அந்நாட்டு நிறுவனங்கள் இங்கு இறங்க முடியாது, இந்திய நிறுவனங்களே அந்த வழியில் பறக்கின்றன. பட்டியலின் இந்த ஒரு வரி மாறினால் வரும் போக்குவரத்தை எந்தக் கட்டடமும் தானாக ஈட்டித் தராது.

ஓடுபாதையின் கதையும் இதுவே. அதன் நீளம் 8,136 அடி. அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்கள் முழுச் சுமையோடு தொலைதூரம் செல்ல இது போதாது. 12,500 அடியாக நீட்டும் திட்டத்துக்கு நிலத்தைப் பெற்றுத்தர வேண்டியது மாநில அரசு, தளத்தை அமைக்க வேண்டியது ஆணையம். ஒருவர் தாமதித்தால் மற்றவரின் வேலை தொடங்கவே முடியாது.

மாநகராட்சிக்கும் இதில் நேர்ப் பங்கு உண்டு. நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் எழும் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு உள்ளது. 1987இல் குடமுழுக்குக் கண்ட 236 அடி ராஜகோபுரம் நிற்கும் திருவரங்கமும் இந்த வட்டத்துக்குள்தான். அடுக்குமாடி வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் நகரமைப்பு அலுவலரின் கையெழுத்து விமானம் இறங்கும் பாதையைத் தொடுகிறது. நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள், பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டுவதை 1937ஆம் ஆண்டின் விமான விதிகள் தடுக்கின்றன. ஊரின் பழைய குப்பைமேடான அரியமங்கலம் அந்தத் தொலைவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கு தேங்கிய கழிவைத் தரம்பிரித்து அகற்றும் மாநகராட்சியின் பணி, பருந்துகளை ஓடுபாதையிலிருந்து விலக்கும் பணியும் ஆகும். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் திறக்கப்பட்ட பேருந்து முனையத்திலிருந்து விமானங்களின் நேரத்துக்கு ஏற்பப் பேருந்துகள் வந்தால், வேன்கள் புதுக்கோட்டைச் சாலையில் நள்ளிரவில் காத்து நிற்பது குறையும்.