சிறுநீரகக் கல்: நுண்துளைச் சிகிச்சையின் வரலாறு

சிறுநீரகத்தில் உருவாகும் கல்லை விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழிக்காமல், ஊசித் துளை வழியாகவோ சிறுநீர்ப் பாதை வழியாகவோ உடைத்து எடுக்கும் முறைகளின் பொதுப்பெயர் நுண்துளைச் சிகிச்சை. சித்த மருத்துவம் கல்லடைப்பு என்று அழைக்கும் நோய்க்கு வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் குடிப்பது இன்றும் வழக்கம். சிறிய கல் என்றால் அது பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் கஷாயத்துக்குப் போகும். பெரிய கல் அப்படி இறங்காது.

சுஸ்ருத சம்ஹிதை கத்தி வைக்கச் சொன்னது சிறுநீர்ப்பைக் கல்லுக்கு. பிழைப்பது உறுதியில்லை என்பதால், உரியவரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே தொடங்க வேண்டும் என்றும் அது சொல்லியது. கீறாமலே கல்லை உடைத்துக் காட்டியவர் பாரிஸின் ழான் சிவியால். 1824இல் சிறுநீர்த் தாரை வழியாகக் கருவியை நுழைத்து, பைக்குள்ளேயே கல்லை நொறுக்கினார். சிறுநீரகத்துக்கோ இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஒரு சாண் கீறல்தான் வழியாக இருந்தது.

1976இல் ஸ்வீடனின் ஃபெர்ன்ஸ்ட்ராம், யோஹான்சன் இருவரும் முதுகுப்புறம் போட்ட துளை வழியாகவே கல்லை எடுத்ததை வெளியிட்டார்கள். இன்று பி.சி.என்.எல். என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். நோயாளியைப் பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியைச் சிறுநீரகத்துக்குள் இறக்கி, அதன் வழியே கம்பி ஒன்றை விடுவார்கள். கம்பிமேல் ஒன்றுக்குள் ஒன்றாக உலோகக் குழல்களைச் செருகி வழியை அகலமாக்குவார்கள். பழைய ரேடியோ ஆன்டெனாவை இழுத்த மாதிரி இருக்கும். சுமார் 1 செ.மீ. அகலம் வந்ததும், சிறுநீரகத்துக்குள் பார்க்க உதவும் நெஃப்ரோஸ்கோப் உள்ளே போகும்.

துளைகூட வேண்டாம் என்றது ஜெர்மனியின் மியூனிக். மீயொலி வேக விமானத்தில் மழைத்துளி மோதும்போது பிறக்கும் அதிர்வை ஆராய்ந்துகொண்டிருந்த டார்னியர் விமான நிறுவனத்தின் கருவியால், 1980 பிப்ரவரி 7 அன்று கிறிஸ்டியன் சௌசி குழு முதல் நோயாளியின் கல்லை வெளியிலிருந்தே உடைத்தது. நோயாளி தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. பெரிய கல்லுக்கும் கெட்டியான கல்லுக்கும் இந்த அதிர்வலை போதவில்லை. ஆகவே துளை முறை பிழைத்தது. சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்ளே போகும் வளையும் யுரெட்ரோஸ்கோப்பும் 1990களில் பரவிய ஹோல்மியம் லேசரும் மூன்றாவது வழியைத் திறந்தன.

துளையைச் சுருக்கியதில் குஜராத்துக்குத் தனி இடம் உண்டு. நடியாத் முல்ஜிபாய் படேல் மருத்துவமனையின் மகேஷ் தேசாய் குழு 2011இல் வெளியிட்ட மைக்ரோபெர்க் முறையில் துளையின் குறுக்களவு ஏறத்தாழ 1.6 மி.மீ. தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எச். எஸ். பட் சிறுநீரியல் துறைக்குப் போட்ட அடித்தளம் முக்கியமானது.

இந்த மில்லிமீட்டர் கணக்கின் அருமை லிட்டில் அந்தமானின் துறையான ஹட் பேயிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். போர்ட் பிளேரின் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போகவே அங்கிருந்து பல மணி நேரக் கப்பல் பயணம். சென்னைக்கு என்றால் போர்ட் பிளேரிலிருந்து இன்னும் மூன்று நாள் அளவுக்குக் கடல். பழைய நீள்கீறல் என்றால் தையல் ஆறும்வரை வாரக்கணக்கில் கரையில் தங்க வேண்டும். துளை முறையில் சிக்கல் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் தீவுக்காரருக்கு ஒரு கடன் மிச்சமிருக்கும். சிறுநீர் தடைபடாமல் இறங்க, சிகிச்சை முடிவில் பலருக்கு டி.ஜே. ஸ்டென்ட் வைப்பார்கள். 1978இல் ஃபின்னி விவரித்த, இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய் அது. சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும். வலி போய்விட்டதே என்று விட்டுவிட்டால் அதன்மேலேயே கல் படியும். எடுக்க மறுபடியும் அறுவை தேவைப்படலாம். ஆகவே ஊர் திரும்பக் கப்பல் டிக்கெட் எடுக்கும் முன், டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.