ஃபிஞ்சா ஹபேரா

எத்தியோப்பியாவின் தென்கிழக்கே, பாலே மலைத்தொடரில் ஏறத்தாழ 3,470 மீட்டர் உயரத்தில் உள்ள பாறைக்குடைவு. சுமார் 47,000 முதல் 31,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, நடுக் கற்கால வேட்டைக்குழுக்கள் இங்கே மீண்டும் மீண்டும் வந்து தங்கின. ஆய்வு முடிவுகள் 2019-இல் வெளிவந்தன.

பாலே எரிமலைக் குழம்பு படிந்து எழுந்த மேட்டுநிலம். இதன் உச்சியான துல்லு டிம்டு 4,377 மீட்டர். கடைசிப் பனியுகத்தில் உச்சிப் பகுதிகளைப் பனியாறுகள் மூடியிருந்தன. அவற்றிலிருந்து உருகிய நீர், பனி எட்டாத கீழ்ச்சரிவுகளுக்கு வந்து சேர்ந்தது. மனிதர் தங்கியதும் அந்தச் சரிவில்தான்.

உணவுக்கு அவர்கள் பெரிதும் நம்பியது பெருவளை எலியை. பாலேயில் மட்டுமே வாழும் இந்தக் கொறிணி ஒரு கிலோ எடையை நெருங்கும். வளைக்குள்ளேயே பெரும்பொழுதைக் கழித்தாலும் பிடிப்பது எளிது. குடைவில் கிடைத்த எலும்புகள் பலவற்றில் சுட்ட தடம் உண்டு. இன்று பாலேயில் வாழும் எத்தியோப்பிய ஓநாய்க்கும் இதுவே முக்கிய இரை.

கருவிகளுக்கான எரிமலைக் கண்ணாடியை, குடைவைவிட உயரத்தில், 4,200 மீட்டருக்கு மேலுள்ள பாறைமுகடுகளிலிருந்து எடுத்துவந்தார்கள். மெல்லிய காற்றிலும் உறைகுளிரிலும் பனியாற்று ஓரம்வரை ஏறிப்போய்க் கல் எடுத்த இந்த உழைப்பே இவ்விடத்தின் மிக அரிய சான்று. மலைகளை மனிதன் கடைசியாகத்தான் எட்டினான் என்று நெடுங்காலம் நிலவிய கருத்தை இது அசைத்துவிட்டது. இங்குக் கிடைத்த தீக்கோழி முட்டையோட்டுத் துண்டு, தாழ்நிலத்தோடு அவர்களுக்கிருந்த தொடர்பைக் காட்டுகிறது. தீக்கோழி மலையில் வாழும் பறவையல்ல.

பாலே மலைத் தேசியப் பூங்கா 2023-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.