தரப்படுத்தல்: ஒரு பெயரில் இரண்டு காரியங்கள்

ரொறன்ரோவில் காலைத் தேத்தண்ணியோடு இருப்பவர்களுக்கும், சிட்னியில் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் என் அன்பு. நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை. லண்டனுக்குக் கொஞ்சம் வெளியே ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன், இடைக்கிடை கதைகள் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது பட்டமில்லை, இலங்கையில் எடுத்த மூன்று வருட டிப்ளோமா. பல்கலைக்கழக அனுமதியைப் பற்றிப் பேச, பல்கலைக்கழகத்துக்கு எடுபடாத ஒருத்தியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

போன மார்ச் மாதம் என் மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் தருவதாகக் கடிதம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் வழக்கமாக மூன்று ஏ கேட்கும். இவளுக்கு ஒரு ஏயும் இரண்டு பியும் போதும் என்றார்கள். காரணம், எங்கள் வீட்டு அஞ்சல் குறியீடும் அவளுடைய பள்ளிக்கூடமும். வசதி குறைந்த பகுதி, பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் குறைந்த பகுதி என்றால் இங்கிலாந்தில் இப்படிப் பின்னணி பார்த்து ஒரு படி இறக்கித் தருகிறார்கள். இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

அந்த ஞாயிறு வீடு நிறைய ஆட்கள். ரோல்ஸ், கேக், பாயசம். கணவரின் பெரியப்பாவும் வந்திருந்தார். வடமராட்சிக்காரர், எழுபது தாண்டியவர். மகளின் தலையைத் தடவி, "கெட்டிக்காரி, எங்கட குடும்பத்தில முதல் டொக்டர்" என்றார். அந்த நேரம் பார்த்து மெல்பேர்னிலிருந்து என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, வட்சப்பில் முகம் காட்டினார். கடித விவரத்தை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "அப்ப நீயும் என்னை மாதிரித்தான் பிள்ளை. தரப்படுத்தலில எடுபட்டவள்."

பெரியப்பா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

இந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஒரு சொல் ஏன் இவ்வளவு சுட்டது என்று அன்றைக்கு இரவு யோசித்தேன். அதன் பிறகு வாசித்ததும், கேட்டறிந்ததும், யோசித்ததும்தான் இந்தப் பேச்சு.

பெரியப்பாவிலிருந்து தொடங்குகிறேன். 1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிப் போடுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியிருந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1971 அனுமதியில் மொழிமூலத்துக்கு ஏற்றபடி வேறு வேறு வெட்டுப்புள்ளி வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மூலத்தில் எழுதியவருக்கு 229 போதும், தமிழ் மூலத்தில் எழுதியவருக்கு 250 வேண்டும். பேராதனையில் பொறியியலுக்கு 227, 250. நான்கு பாடம், நானூறு புள்ளி, ஒரே பரீட்சை. பெரியப்பாவுக்கு 241. ஒரு மொழியில் 9 புள்ளி குறைவு, மற்ற மொழியில் 12 புள்ளி கூட. அவர் விஞ்ஞானம் படித்து ஆசிரியரானார். பிறகு கலவரம், பிறகு லண்டன், ஒரு பெற்றோல் நிலையத்தில் இருபத்திரண்டு வருடம்.

நான் வேலை செய்கிற இடத்தை வைத்து இதைச் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாட்டு இருக்கிறது. ஒரு வாட்டில் காய்ச்சல்காரர் கூட. அங்கே வெப்பமானி பிழையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவது தப்பில்லை. செய்ய வேண்டியது என்ன? வெப்பமானிகளை இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது. அதைச் செய்யாமல், இரண்டு வாட்டிலும் சராசரிச் சூடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, ஒரு வாட்டுக்காரரின் அட்டையில் மட்டும் இரண்டு பாகை குறைத்து எழுதினால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை. 1973இல் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் கணிதத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அதைத்தான் செய்தது. இரண்டு மொழிமூலத்தாரின் புள்ளிகளையும் ஒரே அளவுகோலுக்கு இழுத்தது. இரண்டு கூட்டமும் சராசரியில் சமம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட கணக்கு அது. கூடப் புள்ளி எடுத்தால் அது பிள்ளையின் படிப்பில்லை, அளவுகோலின் கோளாறு. இதில் இன்னொரு வேடிக்கை: தமிழ் மூலம் எழுதிய முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அதே உயர்ந்த வெட்டுப்புள்ளிதான். அமைச்சரே முஸ்லிம்.

இந்தப் பகுதியில் பெரியப்பாவின் பக்கம்தான் நான். எந்தத் தயக்கமும் இல்லை. மாணவரின் ஊரையோ வீட்டையோ பள்ளிக்கூடத்தையோ அது பார்க்கவில்லை. எந்த மொழியில் எழுதினாய் என்று மட்டும் பார்த்தது. காலியிலோ கொழும்பிலோ பெரிய பள்ளிக்கூடத்தில் படித்த வசதியான பிள்ளைக்கும் 229, மன்னார்த் தீவில் மீன்பிடிக்காரரின் பிள்ளைக்கும் 250. பின்தங்கியவருக்குக் கை கொடுக்கிற திட்டம் இப்படி இருக்காது.

இனிச் சின்ன மாமா. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். கடல், மடு மாதா, பெருக்கமரம், வெயில். மாமா படித்த காலத்தில் எங்கள் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பதென்றால் யாழ்ப்பாணத்தில் விடுதிக்குக் காசு கட்ட வேண்டும். வீட்டில் காசில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்க வந்த ஆசிரியர் ஆறு மாதத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று மாமா சொல்வார். 1974இல் அரசாங்கம் மாவட்ட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. மக்கள்தொகைக்கு ஏற்றபடி மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்பது கணக்கு. அடுத்த வருடம் மாமா பேராதனையில் மருத்துவத்துக்கு எடுபட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தால் அவருடைய புள்ளிக்கு மருத்துவ பீடத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்க முடியாது. இதை அவரே சொல்வார், வெட்கப்படாமல்.

மொழிவாரி வெட்டுப்புள்ளி ஒன்று, மாவட்ட ஒதுக்கீடு இன்னொன்று. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர், தரப்படுத்தல். நினைவேந்தல் கூட்டங்களிலும் பத்திரிகைகளிலும் அந்த ஒரு சொல்தான் இரண்டையும் சுமக்கிறது. முதலாவது தமிழுக்கு எதிராக வைத்த படி. இரண்டாவது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நட்டம், மன்னாருக்கும் வவுனியாவுக்கும் அம்பாறைக்கும் மொனராகலைக்கும் வழி. 1969இல் நாட்டுச் சனத்தொகையில் ஏறக்குறைய 7 வீதமாக இருந்த வட மாகாணம், விஞ்ஞானத் துறை அனுமதிகளில் 27.5 வீதத்தை எடுத்தது. 1974இல் அது 7 வீதமாக இறங்கியது. அந்த விழுக்காட்டின் வலியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் "தமிழரின் கல்வி பறிக்கப்பட்டது" என்று ஒரே வசனத்தில் முடிக்கும்போது என் மாமா தமிழர் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்.

யாழ்ப்பாணம் எப்படி முன்னுக்குப் போனது? "நாங்கள் கஷ்டப்பட்டுப் படிச்சனாங்கள்" என்று பெரியப்பா சொல்வார். உண்மை. நிலம் குறைவு, வேலைக்குப் படிப்பைத் தவிர வழியில்லை. அதோடு ஒரு தற்செயலும் சேர்ந்திருக்கிறது. 1816இல் அமெரிக்க மிஷன் வந்தபோது பிரித்தானிய அரசு அவர்களை யாழ்ப்பாணத்துக்குள்ளேயே வைத்திருந்தது. அதனால் அவர்களுடைய உழைப்பு முழுக்க ஒரு சின்னக் குடாநாட்டில் கொட்டுப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த வருடம் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மானிப்பாயில் சாமுவேல் பிஷ் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கினார். மிஷனுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒருவரை ஒருவர் முந்த நினைத்துக் கட்டிய பள்ளிக்கூடங்களால் நூறு வருடத்துக்கு மேல் பலன். அந்தப் பலன் வன்னிக்குப் போகவில்லை, மலையகத்துக்குப் போகவில்லை. அதற்குப் பொருள் அங்கே இருந்தவர்கள் மொக்கர் என்பதல்ல.

அப்படியானால் மாவட்ட ஒதுக்கீடு நியாயமா? பாதி என்பேன். மாவட்டம் என்பது நியாயத்தை அளக்க மிகவும் பெரிய அகப்பை. 1974இல் கிளிநொச்சி தனி மாவட்டமில்லை, யாழ்ப்பாணத்துக்குள் இருந்தது. அங்கே வயல் வேலைக்குப் போய்க்கொண்டு படித்த பிள்ளையும் யாழ்ப்பாண நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே வரிசை. கொழும்புத் தோட்டங்களில் ஒற்றை அறையில் படித்தவருக்கும் கறுவாத் தோட்டத்து மாளிகைக்காரருக்கும் ஒரே வரிசை. நுவரெலியாவில் நடந்தது இன்னும் மோசம். தோட்டத் தொழிலாளரின் தலைகளும் சேர்ந்துதான் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை. அதனால் இடம் கூடும். ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் உயர்தரம் வரை வளராத காலம் அது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன அந்தச் சனத்தின் பெயரால் வந்த இடங்களில் பெரும்பாலும் வேறு பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடைஞ்சல் செய்கிற சட்டத்தை இயற்றக் கூடாது என்றது. தரப்படுத்தலோ பாராளுமன்றம் இயற்றிய சட்டமாக வரவில்லை, நிர்வாக முடிவாக வந்தது. 1972 குடியரசு யாப்பில் அந்தப் பிரிவும் இல்லை. சென்னையை எண்ணிப் பாருங்கள். அங்கே வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற பெண் 1950இல் உயர் நீதிமன்றம் போனார். அதுவும் மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்குத்தான். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது. தெருவில் போராட்டம் நடந்தது, பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது, ஜூனில் யாப்பையே திருத்தி 15(4) சேர்த்தார்கள். யார் வென்றது சரி என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள், ஆனால் சண்டை வெளிச்சத்தில் நடந்தது. காரணம் எழுத்தில் இருந்தது. பெரியப்பாவுக்கு யாரும் காரணம் எழுதி அனுப்பவில்லை.

அதனால்தான் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் அதை நம்ப ஒருவரும் இருக்கவில்லை. முதல் நாள் கன்னத்தில் அடித்த கை, அடுத்த நாள் மருந்து நீட்டினால் யார் வாங்குவார்? 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை தொடங்கியாயிற்று. அதன் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1977இல் ஆட்சி மாறிய பிறகு மொழிவாரித் தரப்படுத்தல் போனது, மாவட்டக் கணக்கு நின்றுவிட்டது. 1979இல் 30 வீதம் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 15 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இப்போது 40, 55, 5. அந்தக் கணக்கில் மன்னார் பின்தங்கிய மாவட்டமாக இருந்தும் 1998இல் நான் எடுபடவில்லை. சண்டையும் இடம்பெயர்வும் என்று காரணம் சொல்லலாம், பௌதிகத்தில் நான் மட்டம் என்றும் சொல்லலாம்.

எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை இந்தக் கதைக்குத் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைச் சொன்னார். கடைசி மணிக்கு வந்தவனுக்கும் முழு நாள் கூலி. எனக்கு அது இங்கே பொருந்தவில்லை. தோட்டக்காரர் தன் சொந்தக் காசைக் கொடுத்தார். மருத்துவ பீடத்தில் ஒருவருக்குக் கொடுத்த கதிரை இன்னொருவருடையது.

மாமாவிடமும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பின்தங்கிய ஊர்ப் பிள்ளை டொக்டரானால் அந்த ஊருக்கே திரும்பி வருவான் என்பதுதானே ஒதுக்கீட்டுக்குச் சொல்கிற நியாயம். "நான் எட்டு வருசம் மன்னாரில நிண்டனான். 90ல வெளிக்கிட்டனான்" என்றார். "காணுமா?" என்றேன். "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். எங்கள் தெருவில் அந்த எட்டு வருடத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் போன பிறகு அந்தக் கதிரையில் கன காலம் ஒருவரும் இருக்கவில்லை.

பெரியப்பா மூன்று கிழமை கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். மகளிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "ஏன் இறக்கித் தருகினம் எண்டு எழுதியிருக்கு" என்றார். பிறகு, "மூண்டு ஏ எடுத்தும் கிடையாமல் போற பிள்ளைக்கும் இப்பிடி எழுதுவினமோ?" என்று கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

மகள் அவருடைய புள்ளியைக் கேட்டாள். இவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் ஒருவரும் பாடம் பாடமாகக் கேட்டதில்லை. அவர் யோசிக்கக்கூட இல்லை.

"தாவரவியல் 66, விலங்கியல் 63, இரசாயனம் 58, பௌதிகம் 54."

அவள் போனில் கூட்டிப் பார்த்தாள். 241.